எந்த எஞ்சின் சரியான எஞ்சின்? - ஸ்டாண்டர்டு கார்களின் கதை

ராஜபாளையத்தில் ஒரு பழைய வீடு. பின்பக்கத்து ஷெட்டில் தார்ப்பாய்க்குக் கீழே ஒரு ஸ்டாண்டர்டு ஹெரால்டு கார் கிடக்கிறது என்று வைத்துக்கொள்வோம். தாத்தா வாங்கியது. டயர் நான்கும் தரையோடு ஒட்டிவிட்டது, சீட்டுக்குள் எலி குடித்தனம் நடத்தியிருக்கிறது. அதையெல்லாம்கூட சரி செய்துவிடலாம். ஆனால் பானெட்டைத் தூக்கிப் பார்த்தால் எஞ்சின் இருக்கவேண்டிய இடம் காலி! எப்போதோ ரிப்பேருக்கென்று இறக்கி வைத்தார்கள், அது திரும்பி வரவே இல்லை.

பேரனுக்கு அந்தக் காரை ஓட வைக்க ஆசை. பெரிய ஆசை ஒன்றும் இல்லை, சுமார் 12 கிலோமீட்டர் தள்ளி இருக்கும் ஸ்ரீவில்லிபுத்தூர் வரை ஓட்டிப்போய் பால்கோவா வாங்கிக்கொண்டு திரும்பினால் போதும். மெக்கானிக்கைக் கூப்பிட்டால் அவர் ஒரே வரியில் முடித்துவிடுவார்: "தம்பி, பழைய எஞ்சினைத் தேடி அலையாதீங்க. மாருதி எஞ்சின் ஒண்ணை இறக்கிடுவோம், ஏ.சி.கூட போட்டுக்கலாம்."

மெக்கானிக் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆனால் அதற்குப் பிறகு பானெட்டுக்கு மேலே இருப்பது ஹெரால்டு, கீழே இருப்பது வேறு ஏதோ. அப்படியானால் எந்த எஞ்சின்தான் சரி? இதற்குப் பதில் தேடினால் அது நேராக சென்னைக்குப் பக்கத்தில் உள்ள வண்டலூருக்கு அழைத்துக்கொண்டு போகிறது.

நான்கு வகை 'சரி'

பழைய கார்களைப் புதுப்பிப்பவர்கள் இந்த விஷயத்தில் நான்கு படிகள் வைத்திருக்கிறார்கள்.

முதல் படி, கார் ஆலையை விட்டு வெளியே வந்தபோது இருந்த அதே எஞ்சின். பிளாக்கில் அடித்திருக்கும் எண்ணும் ஆர்.சி. புத்தகத்தில் உள்ள எண்ணும் ஒன்றாக இருக்கும். இதை 'மேட்சிங் நம்பர்ஸ்' என்பார்கள்.

இரண்டாவது படி, எண் வேறு, ஆனால் அதே மாடலுக்காக அதே காலத்தில் செய்யப்பட்ட எஞ்சின். 'காலத்துக்குப் பொருத்தமான எஞ்சின்' என்று சொல்வது இதைத்தான்.

மூன்றாவது படி, அதே குடும்பத்தில் பிற்பாடு வந்த எஞ்சின். அண்ணன் சட்டையைத் தம்பி போடுவது மாதிரி பொருந்திவிடும், ஆனால் அது தம்பியின் சட்டை அல்ல.

நான்காவது படி, கிடைத்தது எதுவோ அது. மெக்கானிக் சொன்ன மாருதி எஞ்சின் இந்தப் படியில் வரும்.

எஞ்சின் தொலைந்துபோன காருக்கு முதல் படி இல்லை. ஆகவே நல்ல கார் என்றால் இரண்டாவது படியைத்தான் தேடவேண்டும். அதற்கு முதலில் அந்தக் காலத்தில் எந்த எஞ்சின் இருந்தது என்று தெரியவேண்டும். இங்கேதான் பலர் ஒரு தப்பு செய்கிறார்கள். இங்கிலாந்துப் புத்தகத்தைப் பார்த்துவிட்டு இந்தியக் காருக்கு எஞ்சின் தேடுகிறார்கள்!

வண்டலூரில் ஒரு கோவென்ட்ரி

இங்கிலாந்தின் கோவென்ட்ரி நகரத்தில் 1903-ல் ரெஜினால்ட் மாட்ஸ்லே என்பவர் தொடங்கியது ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனி. இரண்டாம் உலகப்போர் முடியும் தறுவாயில் அது டிரையம்ப் கம்பெனியையும் வாங்கிக்கொண்டது. இந்தியா விடுதலை பெற்ற சில மாதங்களில், 1948-ல், சென்னையின் யூனியன் கம்பெனியோடு கூட்டு சேர்ந்து 'ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா' உருவானது. வண்டலூர் - பெருங்களத்தூர் பகுதியில் ஆலை எழுந்தது. அது வேர்பிடித்த 1949 முதல் 1952 வரையான ஆண்டுகளில் சென்னை மாகாண முதல்வராக இருந்தவர் பூ.ச. குமாரசாமி ராஜா, ராஜபாளையத்துக்காரர் என்பது ஒரு சுவையான ஒற்றுமை.

முதலில் வந்தது வேன்கார்டு கார். பிறகு ஸ்டாண்டர்டு டென், பென்னன்ட். 1961 முதல் ஹெரால்டு.

இங்கிலாந்தில் இந்தக் காரின் பெயர் டிரையம்ப் ஹெரால்டு. 1959-ல் அங்கே வெளிவந்தது. வடிவமைத்தவர் இத்தாலிக்காரர் ஜியோவன்னி மிக்கெலோட்டி. தனிச் சேசிஸ் மேல் பாடியைத் துண்டு துண்டாகப் பூட்டும் அமைப்பு. முன்பக்கம் மட்கார்டு, பானெட் எல்லாம் ஒரே துண்டாக முன்னால் கவிழும். மெக்கானிக் முன் டயர் மேலேயே உட்கார்ந்துகொண்டு வேலை பார்க்கலாம். எஞ்சினை இறக்கி ஏற்ற இவ்வளவு வசதியான கார் வேறு இல்லை என்றே சொல்லலாம். (எஞ்சின் காணாமல் போவதற்கும் அதே வசதிதான் காரணமோ என்னவோ!)

இங்கே அதே கார் 'ஸ்டாண்டர்டு ஹெரால்டு'. ஒரு வேடிக்கை பாருங்கள். இங்கிலாந்தில் ஸ்டாண்டர்டு என்ற பெயர் 1963-லேயே கார்களிலிருந்து மறைந்துவிட்டது. 'ஸ்டாண்டர்டு' என்றால் சாதாரணமானது என்று அங்கே பொருள் மாறிவிட்டதும் ஒரு காரணம் என்பார்கள். பிறந்த ஊரில் செத்துப்போன பெயர், வண்டலூரில் அதன் பிறகும் 25 வருஷம் உயிரோடு இருந்தது.

948 என்ற எண்

இனி எஞ்சினுக்கு வருவோம். ஹெரால்டின் எஞ்சின் குடும்பம் 1953-ல் 803 சி.சி.யாக ஸ்டாண்டர்டு எய்ட் காரில் தொடங்கியது. அடுத்த வருஷமே ஸ்டாண்டர்டு டென் காருக்காக 948 சி.சி. ஆனது. சிலிண்டரின் விட்டம் 63 மில்லிமீட்டர், பிஸ்டன் மேலும் கீழும் போகும் தூரம் 76 மில்லிமீட்டர்.

இங்கிலாந்தில் கதை வேகமாக ஓடியது. 1961-லேயே ஹெரால்டுக்கு 1147 சி.சி. கொடுத்தார்கள். 1967-ல் 1296 சி.சி. கடைசியில் அதே குடும்பம் 1493 சி.சி. வரை வளர்ந்து ஸ்பிட்ஃபயர் ஸ்போர்ட்ஸ் காரில் உட்கார்ந்தது. 803 முதல் 1296 வரை எல்லாவற்றுக்கும் பிஸ்டன் ஓடும் தூரம் அதே 76 மி.மீ.தான். சிலிண்டரை மட்டும் அகலமாக்கிக்கொண்டே போனார்கள். அதனால் வெளியே பார்த்தால் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும், மாற்றிப் போடுவதும் சுலபம். இங்கிலாந்தில் ஏராளமான ஹெரால்டுகள் இன்று பெரிய எஞ்சினோடு ஓடுவதற்கு இதுதான் காரணம்.

இந்தியாவில் அப்படி நடக்கவில்லை. இங்கே அந்நியச் செலாவணி தட்டுப்பாடு. 1950-களிலேயே அரசாங்கம், இந்தியாவில் உண்மையாகவே உற்பத்தி செய்யத் திட்டம் உள்ள கம்பெனிகளுக்கு மட்டும் இடம் என்று சொல்லிவிட்டது. ஃபோர்டும் ஜெனரல் மோட்டார்ஸும் மூட்டை கட்டின. தங்கியவர்கள் பாகங்களை ஒவ்வொன்றாக உள்நாட்டிலேயே செய்யவேண்டியிருந்தது. ஒரு எஞ்சினுக்கான வார்ப்பும் மெஷினும் கருவிகளும் போட்டு முடித்தபிறகு, இங்கிலாந்தில் மாற்றிவிட்டார்கள் என்பதற்காக இங்கே மாற்ற முடியாது. அதனால் வண்டலூர் ஹெரால்டு கடைசி வரை 948 சி.சி.யிலேயே ஓடியது. 1968-ல் நான்கு கதவு ஹெரால்டு வந்தது. இது இங்கிலாந்திலேயே இல்லாத வண்டி, நம் ஊருக்காக மட்டும் செய்தது. அதிலும் 948. 1972-ல் கேஸல் வந்தது. பின் ஆக்சிலையே மாற்றினார்கள், எஞ்சின் மட்டும் அதே 948. 1977-ல் கேஸல் நிற்கும் வரை அதேதான்.

ஆக, ராஜபாளையத்து ஷெட்டில் இருப்பது 1969 ஆம் வருஷத்து நான்கு கதவு ஹெரால்டு என்றால், அதற்குக் காலத்துக்குப் பொருத்தமான எஞ்சின் 948 மட்டுமே. இங்கிலாந்திலிருந்து 1296 சி.சி. எஞ்சினை வரவழைத்துப் போட்டால் வண்டி நன்றாக இழுக்கும், டிரையம்ப் முத்திரையும் இருக்கும், 1969-ல் இங்கிலாந்தில் அது புத்தம்புது எஞ்சினும்கூட. ஆனாலும் அது தவறான எஞ்சின்! அந்தக் கார் ஒருநாளும் அப்படி இருந்ததில்லை.

உடம்பு ரோவர், உயிர் வேன்கார்டு

இதைவிடப் பெரிய உதாரணம் அதே ஆலையின் கடைசிக் கார்.

1976-ல் இங்கிலாந்தில் ரோவர் எஸ்.டி.1 என்ற கார் வந்தது. 3528 சி.சி. வி8 எஞ்சின், 155 குதிரைத்திறன். 1977-ல் ஐரோப்பாவின் 'ஆண்டின் சிறந்த கார்' பட்டம் அதற்குத்தான். 1985-ல் அந்தக் காரின் உடம்பு வண்டலூருக்கு வந்து 'ஸ்டாண்டர்டு 2000' ஆனது. நம் சாலைக்காக உயரத்தைக் கூட்டினார்கள். எஞ்சின்? வி8 இல்லை. ரோவரின் சிறிய எஞ்சினும் இல்லை. 1940-களில் வேன்கார்டுக்காக வரைந்த எஞ்சினின் 1991 சி.சி. வடிவம்! சுமார் 83 குதிரைத்திறன்.

இதைக் கேட்டு அந்தக் காலத்தில் சிரித்தவர்கள் உண்டு. ஆனால் அந்த எஞ்சினின் ஜாதகத்தைக் கொஞ்சம் பார்க்கவேண்டும்.

போருக்குப் பிறகு ஹாரி ஃபெர்குசனின் டி.இ.20 டிராக்டரை ஸ்டாண்டர்டு கம்பெனிதான் கோவென்ட்ரியில் செய்து கொடுத்தது. 1946 முதல் 1956 வரை ஐந்து லட்சத்துக்கும் மேல். அந்த டிராக்டரும் வேன்கார்டு காரும் ஒரே எஞ்சின் குடும்பம். அதே எஞ்சினைக் கொஞ்சம் முறுக்கேற்றி டி.ஆர்.2 ஸ்போர்ட்ஸ் காரில் போட்டார்கள். 1953-ல் பெல்ஜியத்தின் யாபெக்கே நெடுஞ்சாலையில் அது மணிக்கு சுமார் 200 கிலோமீட்டர் வேகத்தைத் தொட்டது. ஒரு பக்கம் உழவு, இன்னொரு பக்கம் ரேஸ்!

இதற்கெல்லாம் இடம் கொடுத்தது அதன் 'வெட் லைனர்' அமைப்பு. சாதாரண எஞ்சினில் சிலிண்டர் பிளாக்கின் உடம்பிலேயே குடைந்திருக்கும். தேய்ந்தால் போர் செய்து பெரிய பிஸ்டன் போடவேண்டும், அல்லது ஸ்லீவ் அடிக்கவேண்டும். வேன்கார்டு எஞ்சினில் சிலிண்டர் என்பது தனிக் குழாய். தண்ணீருக்கு நடுவே உட்கார்ந்திருக்கும். தேய்ந்தால் உருவிவிட்டு வேறு போடலாம். 80 மி.மீ. குழாய் போட்டால் 1850 சி.சி., 83 போட்டால் 1991, 85 போட்டால் 2088, 86 போட்டால் 2138. பிளாக் அதேதான்.

1980-களில் வண்டலூருக்கு வேறு எஞ்சின் செய்யக் கருவிகளும் இல்லை, அதை வாங்கப் பணமும் இல்லை. கையில் இருந்தது இது. அதைப் போட்டார்கள். 1988-ல் ஆலையே நின்றுவிட்டது. 2006-ல் மிச்சம் இருந்த பொருட்கள் ஏலத்துக்கு வந்தபோது, எஸ்.டி.1 உதிரிபாகங்கள் கணிசமான அளவில் இங்கிலாந்துக்கே கப்பலேறின. அங்கே ரோவரைப் புதுப்பிப்பவர்களுக்குக் கொண்டாட்டம்.

இப்போது ஒருவர் ஸ்டாண்டர்டு 2000 ஒன்றைப் புதுப்பிக்கிறார் என்று வையுங்கள். வசதி உள்ளவர், ரோவர் வி8 எஞ்சினையே இறக்குமதி செய்து போட்டுவிடுகிறார். உடம்புக்கு உரிய எஞ்சின் அதுதானே என்பது அவர் வாதம். கார் பிரமாதமாக இருக்கும். ஆனால் அது இன்னொரு ரோவர், உலகத்தில் ஆயிரக்கணக்கில் இருப்பதில் ஒன்று. கோவென்ட்ரி டிராக்டர் எஞ்சினும் ரோவர் உடம்பும் வண்டலூரில் கல்யாணம் செய்துகொண்ட கதை அந்தக் காரோடு முடிந்துவிடும். கேலி செய்யப்பட்ட அந்த எஞ்சின்தான் அந்தக் காரின் அடையாளம்.

இது ஸ்டாண்டர்டு கதை மட்டும் இல்லை. 1984-ல் வந்த கான்டெஸா, வாக்ஸ்ஹாலின் உடம்பும் அம்பாசடரின் 1489 சி.சி. எஞ்சினும் சேர்ந்தது. பிறகுதான் இசுசு எஞ்சின் வந்தது. 1985-ல் வந்த பிரீமியர் 118 என்.இ., ஃபியட் உடம்பும் நிசான் எஞ்சினும். அந்த பத்தாண்டின் பெரிய கார்கள் மூன்றுமே ஒட்டுமாங்காய்தான்! அந்தக் காலத்து இந்தியத் தொழில் எப்படி இருந்தது என்பதற்கு அந்தப் பானெட்டுகளுக்குக் கீழே இருப்பதைவிடப் பெரிய சாட்சி வேண்டுமா?

சட்டம் என்ன சொல்கிறது?

எஞ்சின் மாற்றுவது ரசனை விஷயம் மட்டும் அல்ல. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, எஞ்சின் மாற்றினால் 14 நாளுக்குள் பதிவு அலுவலகத்தில் தெரிவித்து ஆர்.சி.யில் பதியச் சொல்கிறது. எண் ஒத்துப்போகாத எஞ்சின் என்றால் திருட்டு வண்டியோ என்ற சந்தேகம்தான் முதலில் வரும். எஞ்சினை வாங்கும்போதே பில்லும், அது எந்த வண்டியில் இருந்தது என்ற விவரமும் வாங்கி வைப்பது நல்லது.

2021-ல் மத்திய அரசு விண்டேஜ் வாகனங்களுக்கென்று தனி விதி கொண்டுவந்தது. முதல் பதிவிலிருந்து 50 வருஷம் தாண்டியிருக்கவேண்டும். சேசிஸ், பாடி, எஞ்சின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் இல்லாமல் மூல வடிவத்தில் இருக்கவேண்டும். அப்படி இருந்தால் 'வி.ஏ.' என்ற எழுத்துகளோடு தனி எண் கிடைக்கும். ஆனால் அன்றாட ஓட்டத்துக்கு அந்த வண்டியை எடுக்க முடியாது. கண்காட்சி, பேரணி, பராமரிப்பு மாதிரி காரியங்களுக்கு மட்டும்தான்.

ஹெரால்டுகள் எல்லாம் இந்த 50-ஐத் தாண்டிவிட்டன. ஆனால் மாருதி எஞ்சின் போட்ட ஹெரால்டு இந்தக் கதவைத் தட்ட முடியாது. ஸ்டாண்டர்டு 2000 கார்களுக்கு 2035-ல்தான் வயது வரும். அதற்குள் எத்தனை கார்களில் அந்தப் பழைய எஞ்சின் மிச்சம் இருக்கும் என்பதுதான் கேள்வி.

தேடுவது எப்படி?

948 எஞ்சினைத் தேடுபவருக்கு ஒரு நல்ல செய்தி, அது ஹெரால்டில் மட்டும் இல்லை. ஸ்டாண்டர்டு டென், பென்னன்ட், கேஸல் எல்லாவற்றிலும் அதே குடும்பம். மேனிஃபோல்டு, மவுண்டிங் மாதிரி சின்னச் சின்ன வேறுபாடுகள் இருக்கும். பிளாக் நல்லதாக இருந்தால் மற்ற பாகங்களைப் பழைய எஞ்சின்களிலிருந்து சேர்த்துக்கொள்ளலாம். கண்டிப்பாகப் பார்த்தால் கேஸல் எஞ்சின் 1969 ஹெரால்டுக்கு மூன்றாம் படிதான், ஆனால் இரண்டாம் படியின் வாசலில் நிற்கிறது.

சென்னை புதுப்பேட்டை மாதிரி பழைய உதிரிபாகச் சந்தைகளில் தேடலாம். அதைவிட நல்லது, கைவிடப்பட்ட இன்னொரு முழுக் காரைத் தேடுவது. உடம்பு துருப்பிடித்துப் போயிருந்தாலும் எஞ்சின் உள்ளே எண்ணெயோடு தூங்கிக்கொண்டிருக்கும். ஜாம் ஆன எஞ்சின் என்றால் பயப்படவேண்டாம். பிளக்கைக் கழற்றி எண்ணெய் ஊற்றி ஊறவைத்து, சில நாள் கழித்துக் கையால் சுற்றிப் பார்ப்பார்கள். பயப்படவேண்டியது பிளாக் விரிசலுக்கும், ஏற்கனவே பலமுறை போர் செய்து சுவர் மெலிந்த சிலிண்டருக்கும்தான். அதிலும் ஸ்லீவ் போட்டுக் காப்பாற்ற வழி உண்டு.

வெளியே தெரியாத சில மாற்றங்களைச் செய்துதான் ஆகவேண்டும். இந்தியாவில் 2000-ல் ஈயம் கலந்த பெட்ரோல் நின்றுவிட்டது. பழைய எஞ்சின்களின் வால்வு இருக்கைகள் அந்த ஈயத்தை நம்பிச் செய்தவை. ஆகவே கடினமான உலோக இருக்கை பொருத்துவது நல்லது. இப்போது பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால் வருகிறது. பழைய ரப்பர் குழாய்களை அது தின்றுவிடும், அதையும் மாற்றவேண்டும். இவற்றைச் செய்தால் கார் பொய்யாகிவிடுமா? ஆகாது. வண்டி உயிரோடு இருப்பதற்கான மருந்து அது.

ஸ்ரீவில்லிபுத்தூர் தேர்

இந்த இடத்தில் யாராவது எதிர்க்கேள்வி கேட்கலாம். ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் கோவில் தேரையே எடுத்துக்கொள்ளுங்கள். அதன் பழைய மரச் சக்கரங்கள் போய் இரும்புச் சக்கரமும் பிரேக்கும் வந்துவிட்டன. அதற்காக ஆடிப்பூரத்தன்று வடம் பிடிப்பவர்கள் இது ஆண்டாள் தேர் இல்லை என்று சொல்கிறார்களா? தேருக்கு ஒரு நியாயம், காருக்கு ஒரு நியாயமா?

நல்ல கேள்விதான். தேரின் வேலை சாமியைச் சுமந்து வீதி சுற்றுவது. அது நின்றுபோனால் அதன் பொருளே போய்விடும். ஓடுவதற்காக எதை மாற்றினாலும் அது தேர்தான். மேலும் தேருக்கு உயிர் சக்கரத்தில் இல்லை, வடம் பிடிக்கும் கைகளில் இருக்கிறது.

காருக்கு அப்படிச் சொல்ல முடியாது. தினமும் வேலைக்குப் போக ஒரு கார் வேண்டும் என்றால் மெக்கானிக் சொன்னதே சரி. அந்த எஞ்சினைப் போட்டு ஓட்டிவிட்டுப் போகலாம், அதில் குற்றம் ஒன்றும் இல்லை. 1980, 90-களில் எத்தனையோ அம்பாசடர்கள் டீசல் எஞ்சின் மாற்றிக்கொண்டு டாக்ஸியாக ஓடிக் குடும்பங்களைக் காப்பாற்றின. ஆனால் வேலைக்குப் போக இன்று யாரும் ஹெரால்டைத் தேடுவதில்லை. அதைப் புதுப்பிப்பதே, அந்தக் காலத்தில் இப்படித்தான் இருந்தது என்று காட்டத்தான். அப்படிக் காட்டும்போது பானெட்டுக்குக் கீழே பொய் இருக்கக்கூடாது.

வண்டலூர் ஆலை இன்று இல்லை. அந்த நிலத்தில் ஐ.டி. அலுவலகங்களும் அடுக்குமாடிகளும் வந்துவிட்டன. அங்கே நாற்பது வருஷம் நடந்த வேலைக்கு அத்தாட்சி, ஊர் ஊராகத் தார்ப்பாய்க்குக் கீழே கிடக்கும் கார்கள்தான். 948 சி.சி.யில் சுமார் 35 குதிரைத்திறன்தான் கிடைக்கும். மேட்டில் திணறும். ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் போக பஸ் முந்திவிடும். போகட்டும். 1969-லும் அப்படித்தான் முந்தியிருக்கும்!